பீன்ஸ் குளிரின் பிள்ளை அல்ல

கொடைக்கானல் மலையிலிருந்து ஒட்டன்சத்திரம் சந்தைக்கு இறங்கும் வண்டியில் கேரட், முட்டைக்கோஸ், உருளைக்கிழங்கு, பீன்ஸ் எல்லாம் ஒன்றாகவே வருகின்றன. ஒரே வண்டியில் வருகிற காரணத்தாலேயே நான்கும் ஒரே குணமுள்ள பயிர்கள் என்று முடிவு கட்டிவிட்டோம். பீன்ஸ் குளிர்ப் பயிர், குளிர் கூடக்கூட விளைச்சலும் தரமும் கூடும், மலை என்றால் எந்த ரகத்தையும் ஊன்றலாம், நாளைக்கு மலை சூடேறினால் இன்னும் நூறு இருநூறு மீட்டர் மேலே ஏறிக்கொண்டால் போயிற்று. விதைக்கடையிலும் மண்டியிலும் விவசாயிகள் கூட்டத்திலும் திரும்பத் திரும்பக் காதில் விழுவது இதுதான்.

இந்தப் பேச்சில் ஒரு வரிகூட முழுதாகத் தேறாது. பீன்ஸ் மிதமான வெப்பத்தில் வளரும் பயிர். அதற்குக் கீழே ஓர் எல்லை உண்டு, மேலே ஓர் எல்லை உண்டு. அந்த எல்லைகள் ரகத்துக்கு ரகம் மாறும். ஒரே ரகத்திலும் முளைப்பு, பூ, காய் என்று பருவத்துக்குப் பருவம் மாறும். மலை விவசாயியின் லாபமும் நஷ்டமும் இந்த எல்லைகளுக்குள்தான் தீர்மானமாகின்றன. அதையெல்லாம் குளிர் என்ற ஒற்றைச் சொல்லைப் போட்டு மூடிவிட்டால், விதை விற்றவருக்கு நஷ்டமில்லை, யோசனை சொன்னவருக்கும் நஷ்டமில்லை. ஊன்றியவர்தான் கைக்காசை இழக்கிறார்.

பயிரின் பிறப்பிலிருந்து பார்ப்போம். நாம் சமைக்கும் பீன்ஸின் காட்டு மூதாதை, வட மெக்சிகோ முதல் வடமேற்கு அர்ஜென்டினா வரை உள்ள மலைச்சரிவுகளில் இன்றும் வளர்கிறது. மெக்சிகோ பக்கம் ஒரு முறை, ஆண்டிஸ் மலைப் பக்கம் ஒரு முறை என்று தனித்தனியே இரண்டு இடங்களில் மனிதர்கள் அதைப் பயிராக்கினார்கள். 1492-க்குப் பிறகுதான் அது கடல் கடந்தது. ஐரோப்பியர் நம் மலைகளுக்குக் கொண்டுவந்தார்கள் என்பதற்காக அது ஐரோப்பியக் குளிரில் பிறந்ததாக ஆகிவிடாது. முட்டைக்கோஸின் தாய்மண் ஐரோப்பியக் கரையோரம். பீன்ஸின் தாய்மண் வெப்ப மண்டல மலைகளின் நடு உயரம். இரண்டையும் ஒரே பட்டியலில் எழுதியது சந்தையின் வசதிக்காக.

விதையே இதற்குச் சாட்சி. மண்ணின் வெப்பம் 25 டிகிரி செல்சியஸ் இருந்தால் பீன்ஸ் விதை எட்டு நாளில் தலைகாட்டும். 15 டிகிரியில் பதினாறு நாள் ஆகும். 10 டிகிரிக்கு இறங்கினால் முளைப்பு ஏறக்குறைய நின்றே போகும். ஈரத்தை உறிஞ்சிய விதை மண்ணுக்குள்ளேயே அழுகும். அதே 10 டிகிரியில் கேரட்டும் முட்டைக்கோஸும் மெதுவாகவேனும் முளைத்துவிடுகின்றன. உறைபனி விழுந்த மறுநாள் காலையில் முட்டைக்கோஸ் பாத்தியையும் பீன்ஸ் பாத்தியையும் பக்கத்தில் பக்கத்தில் பாருங்கள். முட்டைக்கோஸ் இலையில் பனி உருகி வழிந்து, செடி பழையபடி நிற்கும். பீன்ஸ் இலை வெந்நீர் பட்டதுபோல் துவண்டு, வெயில் ஏறும்போது கறுத்துவிடும். டிசம்பர், ஜனவரியில் ஊட்டியிலும் கொடைக்கானல் மேல்மலையிலும் பள்ளத்து வயல்களில் பனிக்குப் பயந்து பீன்ஸை ஒதுக்கிவைப்பது இதனால்தான். குளிர்ப் பயிருக்கு இந்தப் பயம் எதற்கு?

இலங்கை மலையகமும் இதையே சொல்கிறது. அங்கே கடுங்குளிர் ஊரான நுவரெலியா லீக்ஸுக்கும் கேரட்டுக்கும் உருளைக்கிழங்குக்கும் பெயர்போனது. அங்கே போஞ்சி எனப்படும் பீன்ஸ் என்றால் நினைவுக்கு வருவது அதைவிடத் தாழ்ந்த, இதமான பண்டாரவளை, வெலிமடைப் பக்கம். குளிர் கூடக்கூட நல்லது என்பது உண்மையானால் இந்தப் பெயர் நுவரெலியாவுக்கு அல்லவா போயிருக்க வேண்டும்?

மறுபக்கத்தின் வாதத்தில் உள்ள நியாயத்தையும் சொல்லிவிட வேண்டும். சமவெளிக் கோடையில் விளைந்த பீன்ஸைவிட மலை பீன்ஸ் பிஞ்சாக, நார் குறைவாக, பளபளப்பாக இருக்கிறது. இது உண்மை. வெப்பம் கூடினால் காயில் நார் சீக்கிரம் கட்டும், விதை சீக்கிரம் முற்றும், பறிக்க வேண்டிய இடைவெளி சுருங்கும். மிதமான மலைத் தட்பவெப்பத்தில் காய் நிதானமாக வளர்வதால் இரண்டு நாள் தாமதமாகப் பறித்தாலும் விலை போகும். ஆனால் இதிலிருந்து தேறுவது, 35 டிகிரியைவிட 22 டிகிரி நல்லது என்பது மட்டுமே. 22 டிகிரியைவிட 12 டிகிரி நல்லது என்று இதிலிருந்து யாரும் நிறுவ முடியாது. வெயிலை வைத்துச் செய்த ஒப்பீட்டைக் குளிருக்கான புகழ்ச்சியாக நீட்டியதில்தான் மொத்தக் குழப்பமும் தொடங்குகிறது.

இப்போது மேல் எல்லைக்கு வருவோம். மலை எவ்வளவு சூடேறினாலும் சமவெளி அளவுக்கு வராது, ஆகவே வெப்பம் நமக்குப் பிரச்சினை இல்லை என்கிறார்கள். பகல் வெயிலை மட்டும் பார்ப்பவர்கள் சொல்லும் பேச்சு இது. பீன்ஸை உண்மையில் வீழ்த்துவது இரவு. பூ விரிவதற்கு ஏறத்தாழ ஒரு வாரம் முதல் பன்னிரண்டு நாட்கள் முன்பு, மொட்டு கடுகளவு இருக்கும்போதே அதற்குள் மகரந்தம் உருவாகிறது. அந்த நாட்களில் இரவு வெப்பம் 20 டிகிரியைத் தாண்டி நின்றால் பல ரகங்களில் மகரந்தம் சூம்பிவிடும். மகரந்தப்பை வெடிக்காமலேயே போகும். பகல் 30 டிகிரியைத் தொட்டால் சேதம் இன்னும் கூடும். சேதம் நடந்த நாளில் செடியைப் பார்த்தால் ஒன்றும் தெரியாது. இலை பச்சையாக இருக்கும், கொடி ஓங்கி வளரும், பூவும் நிறையப் பூக்கும். பத்து நாள் கழித்துத்தான் பூ கொட்டும்.

தப்பிப் பிடித்த காயை நகத்தால் பிளந்து பாருங்கள். முனைப்பக்கம் ஒன்றிரண்டு விதை திரண்டிருக்கும். காம்புப்பக்கம் வெறும் தோலாகச் சுருங்கி, காய் அரிவாள்போல் வளைந்திருக்கும். மகரந்தக் குழல் முனையிலிருந்து உள்ளே வருவதால் முதலில் உள்ள சூல்கள் மட்டும் கருவுற்று, மீதி வீணானதன் அடையாளம் அது. இந்தக் காயை மண்டியில் கழிவு என்று ஒதுக்குவார்கள். கடுங்குளிர் இரவுகளிலும் மகரந்தக் குழல் வளர்ச்சி தடைபட்டு இதேபோன்ற வளைந்த காய் வரும். ஆக, ஒரே கழிவுக் காய்க்கு இரண்டு எதிரெதிர்க் காரணங்கள் இருக்கின்றன. எந்த உயரத்தில், எந்த மாதத்தில், எந்த ரகத்தில் என்று கேட்காமல் காரணத்தைச் சொல்லவே முடியாது.

ஆனால் யாரும் கேட்பதில்லை. பூ கொட்டுகிறது என்று விவசாயி கடைக்குப் போனால் கைக்கு வருவது டானிக் பாட்டில், அடுத்த வாரம் பூச்சிமருந்து, அதற்கடுத்த வாரம் நுண்ணூட்டக் கலவை. மொட்டுக்குள் பத்து நாளைக்கு முன்பே செத்துப்போன மகரந்தத்தை எந்த மருந்தும் உயிர்ப்பிக்காது. மலையில் வெப்பத்தால் பாதிப்பு வராது என்ற நம்பிக்கைதான் இந்த வீண் செலவுக்கு வழி திறந்துவிடுகிறது. பிரச்சினை வெப்பம் என்று ஒப்புக்கொண்டால், அடுத்த முறை விதைப்பு நாளை மாற்று, ரகத்தை மாற்று என்று சொல்லியாக வேண்டும். அதில் பாட்டில் விற்க முடியாது.

பருவப் பரிந்துரைக்கு வாருங்கள். மலைப்பகுதிக்குப் பிப்ரவரி, மார்ச்; சமவெளிக்கு அக்டோபர், நவம்பர் என்பது வழக்கமாகச் சொல்லப்படும் விதைப்புக் காலம். மலைப்பகுதி என்று ஒரே வரியில் எழுதிவிடலாம். பழனி மலை ஒரே வரியில் அடங்காது. கீழ்மலையில் தடியன்குடிசை கடல்மட்டத்திலிருந்து சுமார் 1,100 மீட்டர். கொடைக்கானல் நகரம் சுமார் 2,100 மீட்டர். ஆயிரம் மீட்டர் ஏறினால் ஏறக்குறைய 6 டிகிரி குறையும். ஆண்டின் குளிர்ந்த மாதத்துக்கும் சூடான மாதத்துக்கும் இடையில் கொடைக்கானலில் உள்ள சராசரி வேறுபாட்டைவிட இது பெரியது. மார்ச் நடுவில் ஊன்றினால் ஏப்ரல் கடைசியில் பூக்கும். பூம்பாறையிலோ மன்னவனூரிலோ அது பொருத்தமான கணக்கு. உறைபனி போய்விட்டது, இதமான வெயில் வந்திருக்கிறது. அதே நாளில் கீழ்மலையில் ஊன்றியவருடைய செடி ஆண்டின் மிகச் சூடான வாரங்களில் மொட்டு வைக்கிறது. மேல்மலைக்காரரைக் காப்பாற்றும் அதே யோசனை கீழ்மலைக்காரரைக் கவிழ்க்கிறது. இருவருக்கும் ஒரே துண்டறிக்கையைக் கொடுப்பது எந்த வகையில் நியாயம்?

எந்த ரகமும் வரும் என்ற பேச்சை நம் ஆராய்ச்சி நிலையங்களின் வரலாறே பொய்யாக்குகிறது. தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் கொடைக்கானல் நிலையம் கேகேஎல் 1 என்ற கொடி ரகத்தைத் தந்தது. அதே பழனி மலையின் தடியன்குடிசை நிலையம் டிகேடி 1 என்ற இன்னொரு கொடி ரகத்தைத் தந்தது. ஏற்காட்டிலிருந்து ஒய்சிடி 1 என்ற செடி ரகம் வந்தது. ஊட்டியிலிருந்து ஊட்டி 1 வந்தது. பெங்களூரு இந்தியத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனம் அர்கா கோமல் என்ற செடி ரகத்தைத் தந்தது. மலைக்கு ஒரே பீன்ஸ் போதும் என்றால் ஒரே மலைத்தொடரின் இரண்டு நிலையங்கள் இரண்டு ரகங்களைத் தேர்ந்தெடுத்திருக்கத் தேவையில்லை. தங்கள் முற்றத்தின் தட்பவெப்பத்தில் எது நின்று காய்த்ததோ அதைத்தான் ஒவ்வொரு நிலையமும் பொறுக்கி எடுத்தது. அந்த ரகத்தை வெளியிட்டவர்கள் உயரத்தை மனதில் வைத்திருந்தார்கள். கடைக்கு வந்து சேருவதற்குள் உயரம் உதிர்ந்துவிடுகிறது, பெயர் மட்டும் மிஞ்சுகிறது.

நாள் கணக்கும் இதில் அடங்கும். பீன்ஸ் செடி வளர்வது காலண்டரைப் பார்த்து அல்ல, சேர்ந்த வெப்பத்தைப் பார்த்து. வளர்ச்சி நின்றுபோகும் அடிமட்டம் 10 டிகிரி என்று எடுத்துக்கொண்டால், சராசரி 20 டிகிரி உள்ள இடத்தில் நாளுக்குப் பத்து அலகு சேரும். 15 டிகிரி உள்ள இடத்தில் ஐந்துதான் சேரும். முன்னதில் ஐம்பது நாளில் எட்டும் நிலையை எட்டப் பின்னதில் நூறு நாள் வேண்டும். இது ஏட்டுக்கணக்கு; மண்சூடும் சரிவின் திசையும் இதைக் கொஞ்சம் கூட்டிக் குறைக்கும். ஆனால் திசை மாறாது. விதைப் பையில் 'முதல் பறிப்பு 45 நாள்' என்று அச்சடித்திருப்பதை நம்பி மேல்மலையில் கூலிக்கும் வண்டிக்கும் ஏற்பாடு செய்தவர் காத்திருக்கத்தான் வேண்டும். காத்திருக்கும் ஒவ்வொரு வாரமும் மழையும் நோயும் அந்தச் செடிமேல் கூடுதலாக இறங்குகின்றன. அவர் வாங்கிய கடனுக்கு வட்டியும் அந்த வாரங்களில் ஓடிக்கொண்டேதான் இருக்கிறது.

உலகத்தின் பீன்ஸ் மலைகள் இதை நமக்கு முன்பே கற்றுக்கொண்டன. கொலம்பியாவின் பல்மீராவில் 1967-இல் தொடங்கப்பட்ட சியாட் என்னும் வெப்ப மண்டல வேளாண் ஆய்வு மையம் பீன்ஸ் ரகங்களைச் சுமார் 1,000 மீட்டர் உயரத்தில் உள்ள பல்மீராவிலும், சுமார் 1,750 மீட்டரில் உள்ள போப்பயானிலும் வளர்த்துச் சோதித்தது. ஒன்றில் முதலிடம் பெற்ற ரகம் மற்றதிலும் முதலிடம் பெறும் என்று அங்கே யாரும் எடுத்துக்கொள்ளவில்லை. ஆண்டிஸின் உச்சி மலைகளில் மக்காச்சோளத்தின்மேல் ஏறிப் படரும் கொடி பீன்ஸ் அரை ஆண்டுக்கும் மேல் எடுத்துக்கொண்டு முதிர்கிறது. அதைத் தாழ்ந்த உயரத்துக்கு இறக்கினால் இலை விடும், காய் விடாது.

ருவாண்டாவின் கதை இன்னும் பொருத்தமானது. நிலம் குறுகிய அந்த மலைநாட்டில் 1980-களில் லத்தீன் அமெரிக்காவிலிருந்து வந்த கொடி பீன்ஸ் பெரிய மாற்றத்தைக் கொண்டுவந்தது. மெக்சிகோ வம்சத்து ரகம் ஒன்று உமுபானோ என்ற பெயரில் வயல்தோறும் ஏறியது. செடி பீன்ஸைவிடப் பல மடங்கு விளைச்சல் கண்ட விவசாயிகள் கம்பு ஊன்றிக் கொடி ஏற்றினார்கள். ஆனால் அந்த வெற்றி குளிர்ந்த உயர்நிலத்தோடு பெரும்பாலும் நின்றது. தாழ்ந்த உயரங்களில் வெப்பமும் நோயும் அதே ரகங்களை மடக்கின. அதனால் நடு உயரத்துக்கென்றே தனியாகக் கொடி ரகங்களை உருவாக்க வேண்டியிருந்தது. அப்படி உருவான ரகங்கள் அதன்பின் கிழக்கு ஆப்பிரிக்கா எங்கும் பரவின. வெற்றி பெற்ற ரகத்தை எல்லா உயரத்துக்கும் தள்ளாமல், உயரத்துக்கு ஏற்ற ரகத்தைத் தேடியதுதான் அந்த நாடுகளின் புத்திசாலித்தனம்.

வெப்பம் செடியைத் தொடுவதோடு நிற்பதில்லை. செடியின் பகைவர்களையும் மாற்றுகிறது. ஆந்த்ராக்னோஸ் பூஞ்சைக்கு 17 டிகிரியை ஒட்டிய ஈரமான குளுமைதான் கொண்டாட்டம்; காயில் குழிந்த கரும்புள்ளி விழுவது அதனால். துரு நோயும் 17 முதல் 22 டிகிரி வரையிலான, இலை நனைந்த காலைகளை விரும்புகிறது. சாதாரண பாக்டீரியா கருகலோ 28 டிகிரியை ஒட்டிய சூட்டில் சீறும். மேல்மலையில் ஒரு ரகத்துக்குத் தேவைப்படும் நோய் எதிர்ப்பும், கீழ்மலையில் அதற்குத் தேவைப்படும் நோய் எதிர்ப்பும் வேறுவேறு. குளிர் நல்லது என்று பொத்தாம்பொதுவாகச் சொல்கிறவர்கள், அந்தக் குளிரில் செழிக்கும் பூஞ்சைக்கு யார் பதில் சொல்வது என்று யோசிக்க வேண்டும்.

இனி, சூடேறினால் மேலே ஏறிக்கொள்ளலாம் என்ற வாதம். கேட்க எளிமையாக இருக்கிறது. இருப்பதிலேயே ஆபத்தான வாதமும் இதுதான். வெப்பம் ஒரு டிகிரி கூடினால் பழைய தட்பவெப்பத்தைப் பிடிக்க ஏறத்தாழ 150 மீட்டர் ஏற வேண்டும். பழனி மலையின் மிக உயர்ந்த சிகரமான வந்தரவு 2,533 மீட்டர்தான். விளைநிலம் ஏற்கெனவே 2,000 மீட்டரைத் தாண்டி நிற்கிறது. அதற்கு மேலே இருப்பது சோலைக்காடும் புல்வெளியும். 2013-இல் கொடைக்கானல் வனவிலங்குச் சரணாலயமாக அறிவிக்கப்பட்ட காட்டுக்குள் பீன்ஸ் பந்தல் போட முடியாது, போடவும் கூடாது. அந்தச் சோலைகள்தான் கீழே உள்ள வயல்களுக்கு ஓடைத் தண்ணீர் தருகின்றன. காட்டை அழித்து மேலே ஏறுகிற விவசாயம் தன் தண்ணீரைத் தானே வெட்டிக்கொள்கிற விவசாயம்.

நிலமே கிடைத்தாலும் கணக்கு தப்பும். மேகமில்லாத, காற்றில்லாத குளிர்கால இரவில் குளிர்ந்த காற்று கனமாகிச் சரிவில் வழிந்து பள்ளத்தில் தேங்கும். மேட்டு வயலில் இலை பிழைத்திருக்கும். ஐம்பது அடி கீழே ஓடையோர வயல் விடியும்போது வெள்ளையாகப் பனி பூத்திருக்கும். உயரம் கூடினால் குளிர் கூடும் என்ற பாடம்கூட அந்த இரவில் தலைகீழாகிறது. சராசரி வெப்பம் உயர்ந்தாலும் ஒரே ஓர் உறைபனி இரவு போதும், மொத்த வெள்ளாமையும் போய்விடும். மேலே ஏறினால் வெப்பத்திலிருந்து தப்பலாம். பனியின் வாயில் விழலாம். குத்தகைக்காரருக்கும் அரை ஏக்கர்க்காரருக்கும் ஏறிப்போக நிலமும் இல்லை. வசதியுள்ள சிலருக்கான வழியைப் பொதுவழி என்று சொல்வது ஏமாற்று.

வெப்பம் தாங்கும் புதுவிதை வந்துவிடும், கவலை எதற்கு என்பது கடைசி ஆறுதல். நம்பிக்கைக்கு இடமிருக்கிறது. பாலைவனப் பகுதியில் பிறந்த டெப்பாரி பீன்ஸின் குணத்தைச் சாதாரண பீன்ஸோடு சேர்த்து உருவாக்கிய விதை வரிசைகள் உள்பட, வெப்பம் தாங்கும் முப்பது வரிசைகளை 2015-இல் சியாட் அறிவித்தது. ஆனால் அந்த ஆராய்ச்சியே நம் வாதத்தை உறுதிப்படுத்துகிறது. இரவு வெப்பம் பீன்ஸின் குரல்வளையை நெரிக்கிறது என்று தெரிந்துதான் அவர்கள் அதைத் தேடிப் போனார்கள். அந்த வரிசைகள் தாழ்ந்த, சூடான வயல்களை நோக்கித் தேர்ந்தவை. அவற்றை மன்னவனூர் குளிரில் ஊன்றினால் என்ன ஆகும் என்பதை மன்னவனூரில் ஊன்றிப் பார்த்துத்தான் சொல்ல முடியும். புதுவிதை வந்தாலும் உயரம் பார்க்கும் வேலையிலிருந்து விடுதலை இல்லை.

அப்பன் பாட்டன் காலத்திலிருந்து எல்லாப் பீன்ஸும் போட்டுத்தானே வந்திருக்கிறோம் என்று கேட்பவர்களும் உண்டு. பழைய விவசாயிகள் எல்லாவற்றையும் எங்கும் போட்டதில்லை. தங்கள் காட்டில் காய்த்த கொடியிலிருந்து, நன்றாகத் திரண்ட காயைக் காயவிட்டு, அதையே அடுத்த ஆண்டு விதையாக ஊன்றினார்கள். ஒவ்வோர் ஆண்டும் அந்த உயரத்தின் பனியும் வெயிலும் அந்த விதையைச் சலித்துக் கொடுத்தன. ஊருக்கு ஒரு பீன்ஸ் வம்சம் இருந்ததற்குக் காரணம் அந்தச் சலிப்பு. எங்கிருந்தோ வரும் ஒரே பை விதையை எல்லா உயரத்திலும் ஊன்றுவது அண்மைக்காலப் பழக்கம். அதற்குப் பாட்டனைச் சாட்சிக்கு இழுப்பது அவருக்குச் செய்யும் அநியாயம்.

செய்ய வேண்டியவை மலையளவு பெரியவை அல்ல. பீன்ஸுக்கான பரிந்துரை மலைப்பகுதி என்ற ஒற்றைத் தலைப்பில் வராமல், 1,000 முதல் 1,400 மீட்டர், 1,400 முதல் 1,800 மீட்டர், அதற்கு மேல் என்று உயரவாரியாக, விதைப்பு வாரத்தோடு வர வேண்டும். விதைப் பையில் முளைப்புத் திறனை அச்சிடுவதுபோல், ரகம் தாங்கும் இரவு வெப்பத்தையும் ஏற்ற உயரத்தையும் அச்சிடக் கட்டாயப்படுத்த வேண்டும். அதைச் சொல்ல முடியாத நிறுவனம் அந்த ரகத்தை மலையில் சோதிக்கவில்லை என்று பொருள். கீழ்மலை, நடுமலை, மேல்மலை மூன்றிலும் விவசாயிகளின் வயலிலேயே ஒரே வாரத்தில் எல்லா ரகங்களையும் ஊன்றி, பூத்த நாள், காய் பிடித்த விகிதம், பறித்த எடை ஆகியவற்றைப் பொதுவில் வெளியிட வேண்டும். இரவின் மிகக் குறைந்த வெப்பத்தைப் பதியும் வெப்பமானி ஒவ்வொரு ஊராட்சியிலும் இருக்க வேண்டும். 2,000 மீட்டரில் உள்ள நிலையத்தின் அளவை வைத்து 1,200 மீட்டரில் நஷ்டப்பட்டவருக்கு இழப்பீடு மறுக்கப்படக் கூடாது. ஊர்களில் இன்னும் மிஞ்சியிருக்கும் கொடி வம்சங்களை, எந்த உயரத்தில் எடுத்தது என்ற குறிப்போடு சேகரிக்க வேண்டும்.

விவசாயி தன் பங்குக்கு விதைக்கடையில் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு: இந்த ரகம் எந்த உயரத்தில், எந்த மாதத்தில் காய்த்ததைப் பார்த்தீர்கள்? இந்தக் கேள்விக்குப் பதில் இல்லாத விதையை விலை குறைவு என்று வாங்காதீர்கள். மலைக்கு எல்லாம் வரும் என்று யார் சொன்னாலும், எந்தப் பதவியில் இருந்து சொன்னாலும், அது பதில் ஆகாது. ரகத்தின் பெயரும் உயரமும் மாதமும் சேர்ந்து வந்தால்தான் அது யோசனை. மூன்றில் ஒன்று குறைந்தாலும் அந்தப் பேச்சை ஏற்க வேண்டியதில்லை.